குமரி மாவட்ட நூலகங்களும் சலுகை விலை மென்பொருளும்: விண்ணப்பிக்கும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

மைக்ரோசாஃப்ட், கூகுள், கேன்வா முதலிய நிறுவனங்கள் இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்குத் தங்கள் மென்பொருளை இலவசமாகவோ பெரும் தள்ளுபடியிலோ தருகின்றன. இந்தச் செய்தி நம் மாவட்டத்து நூலகர்கள், படிப்பகச் செயலாளர்கள் பலருடைய காதுக்கும் எட்டியிருக்கிறது. ஆனால் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்ததும், உங்கள் அமைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்ற முதல் கேள்வியிலேயே பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். பொது நூலகம் அரசு நிறுவனமா, கல்வி நிறுவனமா, தொண்டு நிறுவனமா? இந்தக் கேள்விக்கான விடையை உரிய ஆவணங்களோடு கையில் வைத்திருப்பவருக்கு மீதி வேலை எளிது. அது இல்லாமல் தொடங்குகிறவர் ஒவ்வொரு தாளுக்காகவும் தனித்தனியே அலைய நேரிடும். ஆகையால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி, கணினியின் முன் உட்காருவதற்கு முன்பு செய்து முடிக்க வேண்டிய வேலைகளைப் பற்றியதாகவே இருக்கும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கணினியில், கிராக் செய்த விண்டோஸையும் ஆஃபீஸையும் ஏற்றி ஓட்டுவதைப் பெரிய தவறாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வரும் பிள்ளைகள் அந்தக் கணினியில்தான் தங்கள் ஆதார் எண்ணையும் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்கிறார்கள். உரிமமில்லாத மென்பொருளோடு சேர்ந்து வரும் வைரஸ்கள் குறிவைப்பதும் அவற்றைத்தான். நூலகத்தை நம்பி வருகிறவருக்குப் பாதுகாப்பான கணினியைத் தர வேண்டியது நம் பொறுப்பு. அதைக் குறைந்த செலவில் செய்வதற்கு முறையான வழி இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் இருப்பது சரியாகாது.

முதல் வேலை: நூலகம் யாருக்குச் சொந்தம் என்று உறுதி செய்தல்

நூலகம் என்று பலகை மாட்டிய கட்டடங்கள் எல்லாம் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. நம் மாவட்டத்தில் குறைந்தது நான்கு வகைகள் இருக்கின்றன.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகமும், ஊர்கள்தோறும் இருக்கும் கிளை நூலகங்களும், ஊர்ப்புற நூலகங்களும், பகுதி நேர நூலகங்களும் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், இன்று தமிழ்நாடு பொது நூலகச் சட்டம் என வழங்குவது, இந்த ஆணைக்குழுக்களை உருவாக்கியது. சொத்துவரியோடு சேர்த்து உள்ளாட்சிகள் வசூலிக்கும் நூலக வரி இவற்றின் முதன்மையான வருவாய். இங்கே கவனிக்க வேண்டியது, கிளை நூலகம் தனியொரு சட்டபூர்வ அமைப்பு அன்று என்பதே. ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி ஆணைக்குழுவுக்கு உண்டு, கிளை நூலகருக்கு இல்லை.

இரண்டாவது வகை உள்ளாட்சியின் நூலகங்கள். அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டப்பட்ட நூலகங்களும், நகராட்சி, மாநகராட்சி கட்டிய அறிவுசார் மையங்களும் இதில் அடங்கும். இவற்றைப் பொது நூலகத் துறையின் கிளைகள் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இவற்றின் உரிமை அந்தந்த ஊராட்சியிடமோ மாநகராட்சியிடமோதான் இருக்கிறது.

மூன்றாவது வகைதான் நம் மாவட்டத்துக்குத் தனிச் சிறப்பானது. ஊர்க்காரர்கள் கூடிச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ நடத்தும் படிப்பகங்களும் நூல்நிலையங்களும் இதைச் சேர்ந்தவை. அம்பலப்புழையில் 1945இல் கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி. என். பணிக்கர் முன்னின்று திருவிதாங்கூர் கிரந்தசாலை (நூலக) சங்கத்தைத் தொடங்கியபோது நம் ஊர்களும் அதே சமஸ்தானத்தில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி தமிழகத்தோடு இணைந்த பிறகும், கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ஊர்ப் படிப்பகம் என்ற பழக்கம் விட்டுப்போகவில்லை. மாலையில் பத்திரிகை வாசிக்கப் பெரியவர்கள் வரும் திண்ணையும், கேரம் பலகையும், இரண்டு அலமாரிப் புத்தகங்களும், சில இடங்களில் ஒரு கணினியும் இவற்றின் சொத்து. இலாப நோக்கமற்ற அமைப்பு என்ற சலுகை நேரடியாகப் பொருந்தக்கூடியது பெரும்பாலும் இவற்றுக்குத்தான். ஆவணங்கள் மிகவும் பின்தங்கியிருப்பதும் இவற்றில்தான்.

நான்காவது, பள்ளி, கல்லூரி நூலகங்கள். இவை தாய் நிறுவனத்தின் கல்வி உரிமத்தில் சேர்ந்துகொள்ள வேண்டியவை. அதற்கு நிறுவனத்தின் அலுவலகத்தை அணுகினால் போதும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அன்று.

நிறுவனங்கள் பொது நூலகத்தை எப்படிப் பார்க்கின்றன

ஒவ்வொரு நிறுவனத்தின் விதியும் வேறு. மைக்ரோசாஃப்டின் இலாப நோக்கமற்றோர் திட்டத்தில் அரசு அமைப்புகளுக்கு இடமில்லை. ஆனால் ஒரு ஊர், மாவட்டம் அல்லது வட்டாரத்தில் வசிக்கும் அனைவருக்கும் பொதுவான நூலகச் சேவையைக் கட்டணமின்றி வழங்கும் பொது நூலகம், தகுதியுள்ளவற்றின் பட்டியலில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதே நிறுவனத்தின் கல்வி உரிமத் திட்டத்திலும் பொது நூலகம் தகுதியுள்ள பயனாளர். அதாவது ஒரே நூலகத்துக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்றில் மறுத்துவிட்டால் மற்றொன்றைத் தட்டிப் பார்க்கலாம்.

கூகுள் அப்படியில்லை. அதன் இலாப நோக்கமற்றோர் திட்டம் அரசு அமைப்புகளையும் பள்ளி, கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் விலக்கிவிடுகிறது. ஆகவே ஆணைக்குழுவின் கிளை நூலகம் அங்கே விண்ணப்பிப்பதில் பயனில்லை. பதிவு பெற்ற சங்கம் நடத்தும் படிப்பகம் விண்ணப்பிக்கலாம். அமைப்பு உண்மையானதுதானா என்று சரிபார்க்கும் வேலையைக் கூகுளுக்காக இப்போது குட்ஸ்டாக் என்ற நிறுவனம் செய்கிறது. முன்பு அதன் பெயர் பெர்சென்ட். இதே வேலையைப் பல மென்பொருள் நிறுவனங்களுக்காக நெடுங்காலமாகச் செய்துவருவது டெக்சூப் வலையமைப்பு. 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் கம்ப்யூமென்டர் என்ற பெயரில் தொடங்கிய தொண்டு நிறுவனம் அது. இவர்களில் எவரும் உங்கள் ஊருக்கு நேரில் வந்து பார்க்கப் போவதில்லை. நீங்கள் ஏற்றும் தாள்கள்தான் அவர்களுக்கு நூலகம்.

மைக்ரோசாஃப்ட் வரையறையில் உள்ள இரண்டு சொற்றொடர்களில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒன்று ‘அனைவருக்கும்’, இன்னொன்று ‘கட்டணமின்றி’.

நம் மாவட்டத்தில் சமுதாயச் சங்கங்களும், தேவாலயப் பங்குகளும், கோவில் நிர்வாகங்களும், பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் நடத்தும் நூலகங்கள் உண்டு. யார் வந்தாலும் உட்கார்ந்து படிக்கலாம் என்பதே இவற்றுள் பலவற்றின் நடைமுறை. ஆனால் எழுதி வைத்த சங்க விதிகளில் உறுப்பினராகச் சேர இன்ன சமுதாயத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றொரு வரி பழைய காலத்திலிருந்தே இருக்கக்கூடும். விண்ணப்பத்தில், இனம், மதம், பாலினம் முதலியவற்றின் பெயரால் வேலையிலோ சேவையிலோ பாகுபாடு காட்டுவதில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கிறது. விதிப் புத்தகத்தில் அந்த வரியை வைத்துக்கொண்டு இந்த உறுதிமொழியில் டிக் போடுவது பொய் சொல்வதாகும். பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, ‘நூலகச் சேவை சாதி, மத, பால் வேறுபாடின்றி இவ்வூரில் வசிக்கும் அனைவருக்கும் உரியது’ என்று விதியைத் திருத்திப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்வதே நேர்மையான வழி. மென்பொருள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தத் திருத்தம் செய்யத் தகுந்ததென்றே நான் நினைக்கிறேன்.

கட்டணம் பற்றிய ஐயமும் அடிக்கடி எழும். புத்தகம் எடுத்துச் செல்லப் பிணைத்தொகை வாங்கித் திருப்பிக் கொடுப்பதும், உள்ளே வந்து வாசிக்கப் பணம் கேட்பதும் ஒன்றல்ல. வாசிப்பு அறையும், பத்திரிகையும், கணினிப் பயன்பாடும் இலவசம் என்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள். பிணைத்தொகை திருப்பித் தரப்படுவது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மாதச் சந்தா கட்டியவர் மட்டுமே உள்ளே வரலாம் என்று நடத்தும் வாசக சாலை இந்த வரையறைக்குள் வராது.

கட்சி சார்ந்த படிப்பகங்களைப் பற்றியும் கேட்பார்கள். அரசியல் அமைப்புகள் இத்திட்டங்களில் விலக்கப்பட்டிருக்கின்றன. கட்சியின் பெயரிலோ கட்சி அலுவலகத்தின் பகுதியாகவோ இயங்குவது விண்ணப்பிக்க வேண்டாம்.

சங்கப் படிப்பகத்தின் தாள்களைச் சேர்த்தல்

இனி மூன்றாவது வகையினருக்கான விவரம். இதில்தான் அதிகமான நேரம் செலவாகும்.

பதிவே செய்யாத படிப்பகமாக இருந்தால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்யலாம். பதிவு ஏற்கெனவே இருந்தால் சான்றிதழைத் தேடி எடுங்கள். முன்னாள் தலைவர் வீட்டு பீரோவில் அது இருக்கும் என்ற நம்பிக்கையில் தேடத் தொடங்கி, கடைசியில் நகல் மட்டும் கிடைப்பதுண்டு. அப்படியானால் உங்கள் பகுதிக்குரிய மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்யுங்கள். அங்கே போகும்போதே, ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டிய நிர்வாகக் குழு விவரமும் தணிக்கை செய்த கணக்கும் எந்த ஆண்டோடு நின்றுபோயின என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல படிப்பகங்களில் தேர்தல் நடந்து புதிய நிர்வாகிகள் வந்திருப்பார்கள். பதிவாளரின் கோப்பில் மட்டும் பழைய செயலாளர் பெயரே இருக்கும். விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் கோப்பில் உள்ள நிர்வாகியாக இருக்க வேண்டும் என்பதால், விடுபட்ட ஆண்டுகளைத் தாமதக் கட்டணத்தோடு சரிசெய்த பிறகே மேலே போக வேண்டும்.

அடுத்தது சங்கத்தின் பெயரில் பான் அட்டை. செயலாளரின் சொந்த பான் எண்ணில் வங்கிக் கணக்கு வைத்திருப்பது ஒருபோதும் கூடாது. பான் வந்த பின், அறப்பணி அமைப்புகளின் வருமானத்துக்கு வரிவிலக்குப் பெற உதவும், வருமான வரித் துறையின் 12ஏ பதிவு. கூகுள் போன்றவற்றின் சரிபார்ப்பில் இந்தப் பதிவுச் சான்று முக்கியமாக எதிர்பார்க்கப்படுகிறது. புதிதாகத் தொடங்கும் அமைப்புக்கு முதலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். பல ஆண்டுகளாக இயங்கிவரும் படிப்பகம் நேரடியாக வழக்கமான பதிவுக்கே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், அதிகாரி கணக்கையும் செயல்பாட்டையும் பார்த்துக் கேள்வி கேட்பார், மாதங்கள் ஆகும். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாகச் சட்டமாகியிருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆனாலும் விண்ணப்பப் பக்கங்களில் 12ஏ என்ற பழைய பெயரே தொடர்ந்து புழங்கும் என்று எதிர்பார்க்கலாம். இந்த ஒரு வேலைக்கு ஆடிட்டரின் துணையை நாடுவது நல்லது.

தொண்டு நிறுவனங்களின் விவரங்களைப் பதிவு செய்யும், நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பண் தளத்திலும் பதிந்துகொள்ளுங்கள். சங்கத்தின் பான் எண்ணும், நிர்வாகிகளின் பான், ஆதார் விவரங்களும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். தர்பண் பதிவுக்கும், மைக்ரோசாஃப்ட், கூகுள் திட்டங்களில் சேர்வதற்கும் எந்தக் கட்டணமும் கிடையாது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ‘தகுதி வாங்கித் தருகிறேன்’ என்று சொல்கிறவரிடம் சங்கப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பங்கள் தடைபடுவதற்குப் பெரிய காரணம் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை, பெயர்ப் பொருத்தமின்மைதான். பதிவுச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. பான் அட்டையில் அதே பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ‘படிப்பகம்’ என்பதை ஒருவர் இரண்டு ‘பி’ போட்டு ‘ஜி’ எழுத்தோடு எழுதியிருப்பார். வங்கிக் கணக்கில் ஒரே ‘பி’யும் ‘கே’யும் இருக்கும். ரப்பர் முத்திரையில் மூன்றாவது ஒரு வடிவம், கூடவே ஊர்ப் பெயர். நமக்கு இவை எல்லாம் ஒன்று. வெளிநாட்டில் திரைக்கு முன் உட்கார்ந்து ஒப்பிடுபவருக்கு இவை மூன்று அமைப்புகள். ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் சான்றிதழ், பான், வங்கிப் பாஸ்புக், தர்பண், மின்கட்டண அட்டை ஆகிய ஐந்திலும் பெயரும் முகவரியும் எப்படி அச்சாகியிருக்கின்றன என்று எழுத்துப் பிசகாமல் எழுதிப் பாருங்கள். பான் அட்டையில் உள்ள வடிவத்தையே நிலையானதாக வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருத்துவது எளிது. தமிழ்ச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி பப்ளிக் கையெழுத்துடன் வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் பான் அட்டையின் எழுத்துக்கூட்டலே இருக்கட்டும். முகவரியில் கதவு எண் பழையதா புதியதா, அஞ்சல் அலுவலகம் எது, அஞ்சல் குறியீட்டு எண் சரியா என்பதையும் இதே தாளில் ஒப்பிட்டுவிடலாம்.

பிறகு நிர்வாகக் குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுதுங்கள். கீழே உள்ளது போன்ற வாசகம் போதும்:

“நமது படிப்பகத்தின் நிர்வாகத்துக்கும் வாசகர் சேவைக்கும் தேவையான மென்பொருளை, இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் பொது நூலகங்களுக்கும் வழங்கப்படும் சலுகை உரிமத்தில் பெறுவதற்கு விண்ணப்பிக்கவும், அதற்கான இணையக் கணக்கைச் செயலாளர், பொருளாளர் ஆகிய இருவர் பொறுப்பில் பராமரிக்கவும், அந்த மென்பொருளைப் படிப்பகப் பணிக்கு மட்டுமே பயன்படுத்தவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

மினிட்ஸ் புத்தகத்தில் இது பதிவாகியிருந்தால் பின்னாளில் யார் பொறுப்புக்கு வந்தாலும் குழப்பம் இருக்காது.

விண்ணப்பித்தல்

விண்ணப்பத்தை யாருடைய சொந்த மின்னஞ்சலிலும் தொடங்காதீர்கள். படிப்பகத்தின் பெயரில் ஒரு இணைய முகவரியைப் (டொமைன்) பதிவு செய்து, அதில் ஒரு மின்னஞ்சல் கணக்கை உருவாக்கிக்கொள்வதே சரியான தொடக்கம். மின்னஞ்சலும் கோப்புச் சேமிப்பும் சேர்ந்த கூகுளின் வொர்க்ஸ்பேஸ் சேவையை முழுமையாகப் பயன்படுத்த அந்த முகவரி கட்டாயம் தேவைப்படும். முகவரியின் உரிமையாளராகச் சங்கத்தின் பெயரே பதிவாக வேண்டும். ஆர்வத்தோடு உதவ முன்வந்த இளைஞர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டால், ஓடிபி அவருடைய கைபேசிக்கே போய்க்கொண்டிருக்கும்.

அந்த முகவரியில் ஒரே பக்கமுள்ள இணையதளம் இருந்தால் போதும். படிப்பகம் தொடங்கிய ஆண்டு, பதிவு எண், முகவரி, திறந்திருக்கும் நேரம், நிர்வாகிகளின் பொறுப்புகள், வாசிப்பு அறையின் இரண்டு புகைப்படங்கள், அனைவருக்கும் இலவசம் என்ற அறிவிப்பு ஆகியவை அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். சரிபார்ப்பவர் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அமைப்பின் நோக்கத்தை எழுதச் சொல்லும் பெட்டியில் சிலர் அறிவுப் புரட்சி, சமுதாய மாற்றம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள். அங்கே வரையறையின் சொற்களுக்கு நேரடியாக விடை சொல்லுங்கள். இன்ன ஊராட்சியில் வசிக்கும் அனைவருக்கும் கட்டணமின்றி வாசிப்பு அறை, புத்தகம் இரவல், போட்டித் தேர்வு நூல்கள், பொதுக் கணினி ஆகிய சேவைகளை இன்ன ஆண்டு முதல் வழங்கிவருகிறோம், வருவாயில் எந்தப் பங்கும் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை என்று நான்கு வரிகளில் முடித்துவிடலாம்.

விண்ணப்பித்த பின் கூடுதல் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வரக்கூடும். அது குப்பை அஞ்சல் பெட்டியில் போய் விழுந்து, விடை வராததால் கோப்பு மூடப்படுவதுண்டு. முடிவு தெரியும் வரை அந்த அஞ்சல் பெட்டியை நாள்தோறும் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

எதைக் கேட்பது, எதைக் கேட்கத் தேவையில்லை

தகுதி கிடைத்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டு வாங்கத் தோன்றும். அதற்கு முன் சலுகையின் உள்ளடக்கத்தைப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலை முதல் தன் நன்கொடைத் திட்டத்தை மாற்றியிருக்கிறது. வேர்ட், எக்செல் முதலியவை அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 தொகுப்பில், முன்பு இலவசமாகக் கிடைத்த பிசினஸ் பிரீமியம் உரிமங்களை நிறுத்திவிட்டு, பிசினஸ் பேசிக் உரிமங்களை 300 பயனர் வரை இலவசமாகத் தருகிறது. மற்ற பலவற்றுக்கு 75 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. பிசினஸ் பேசிக்கில் வேர்டும் எக்செலும் இணைய உலாவியில் மட்டுமே இயங்கும், கணினியில் நிறுவிக்கொள்ள முடியாது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில், இணையம் போய்விட்டால் அன்றைய வேலையும் நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பயனர் பெயரில் தரப்படும் இத்தகைய உரிமங்கள் அமைப்பின் ஊழியருக்கும் நிர்வாகிகளுக்கும் உரியவை. வாசகர்கள் மாறி மாறி உட்காரும் பொதுக் கணினியில் செயலாளரின் கணக்கைத் திறந்து வைத்துவிடக் கூடாது. அது உரிம விதிக்கு மாறானது, சங்கத்தின் கோப்புகள் அனைத்தையும் வருகிறவர் கையில் கொடுத்ததாகவும் ஆகும். பொதுக் கணினிக்குச் சாதனத்தின் பெயரில் வழங்கப்படும் உரிமம் வேண்டும் என்று கேளுங்கள், அல்லது இலவச மென்பொருளை நிறுவுங்கள்.

விண்டோஸ் வாங்குவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சலுகைத் திட்டங்களில் கிடைக்கும் விண்டோஸ் உரிமம் மேம்படுத்துவதற்கானது. கணினியில் ஏற்கெனவே முறையான அடிப்படை விண்டோஸ் உரிமம் இருக்க வேண்டும். அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. மேலும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி பழைய கணினிகள் பலவற்றில் கிடையாது. இப்படிப்பட்ட கணினிக்குச் சலுகை உரிமம் தேடி அலைவதைவிட உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிவிடுவது மேல்.

எழுத்து வேலைக்கு லிப்ரெஆஃபீஸ் போதும். அதன் மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், எத்தனை கணினியில் நிறுவினாலும் உரிமக் கேள்வி எழாது. புத்தகப் பட்டியலுக்கும் இரவல் பதிவுக்கும் கோஹா இருக்கிறது. நியூசிலாந்தின் ஹொரோஹெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. சிறிய நூலகத்துக்காகப் பிறந்து இன்று உலகெங்கும் பெரிய நூலகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அரசு நூலகங்களுக்குத் தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயாவும் உண்டு. பார்வைக் குறைபாடுள்ள வாசகர்களுக்காக ஒரு கணினியிலாவது என்விடிஏ திரை வாசிப்பானை நிறுவுங்கள். அது இலவசம், தமிழ் எழுத்தையும் வாசித்துக் காட்டும். அது இயங்க விண்டோஸ் வேண்டும் என்பதால், முறையான உரிமமுள்ள ஒரு விண்டோஸ் கணினியை அதற்கென்று ஒதுக்குவது நல்லது. வாசகர் வட்டக் கூட்டத்துக்கும் புத்தகக் கண்காட்சிக்கும் சுவரொட்டி தயாரிக்கக் கேன்வா, இலாப நோக்கமற்ற அமைப்புக்கு 50 பேர் வரை இலவசமாகக் கிடைக்கிறது.

ஆக, பெரும்பாலான ஊர்ப் படிப்பகங்களுக்கு நிறுவனங்களிடமிருந்து உண்மையில் வேண்டியவை அமைப்பின் பெயரில் மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, முறையான ஒன்றிரண்டு விண்டோஸ், சுவரொட்டிக் கருவி ஆகியவைதாம். மீதியைக் கட்டற்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

பணம் செலுத்துதல்

தள்ளுபடி விலையோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும் என்பதை மறந்துவிட்டுப் பட்ஜெட் போடாதீர்கள். சங்கக் கணக்கின் டெபிட் அட்டையில் இணையவழிப் பரிமாற்றமும் வெளிநாட்டுப் பரிமாற்றமும் தொடக்கத்தில் முடக்கியே தரப்படும். வங்கியில் கேட்டு இயக்கிக்கொள்ளலாம், அல்லது ரூபாயில் பில் கொடுக்கும் இந்திய விற்பனை முகவரிடம் வாங்கலாம். இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன், தணிக்கையின்போது சங்கத்தின் பெயரில் முறையான ரசீது கையில் இருக்கும். நிர்வாகி ஒருவர் தன் சொந்த அட்டையில் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்.

அரசுக் கிளை நூலகர்கள் செய்யக்கூடியது

கிளை நூலகரோ ஊர்ப்புற நூலகரோ தாமாக எந்தத் தளத்திலும் நூலகத்தை இலாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்துவிடக் கூடாது. வாசகர் வட்டத் தலைவர் நல்லெண்ணத்தோடு வற்புறுத்தினாலும் சரி. ஒப்பந்தத்தை ஏற்கிறேன் என்ற பொத்தானை அழுத்தும் அதிகாரம் ஆணைக்குழுவிடமும் பொது நூலக இயக்ககத்திடமும் இருக்கிறது. அரசுக் கொள்முதல், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இன் விதிகளுக்கு உட்பட்டது.

கிளை நூலகரால் செய்ய முடிந்த பயனுள்ள வேலை ஒன்று உண்டு. தம் நூலகத்தில் உள்ள கணினிகளின் எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, இயங்குதளம், உரிமம் இருக்கிறதா என்பது, வாசகர்கள் கேட்கும் மென்பொருள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, பொது நூலகங்களுக்குக் கல்வி உரிம விலை பொருந்தும் என்பதைச் சுட்டிக்காட்டி, மாவட்ட நூலக அலுவலருக்கு முறையான கடிதமாக அனுப்பலாம். தக்கலையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் இப்படித் தனித்தனிப் பக்கங்கள் வந்து சேர்ந்தால், மாவட்டம் முழுமைக்கும் ஒரே விண்ணப்பமாகக் கேட்க ஆணைக்குழுவுக்கு ஆதாரம் கிடைக்கும். உள்ளாட்சி நூலகங்களுக்கும் இதே வழிதான், கடிதம் மட்டும் ஊராட்சித் தலைவருக்கோ ஆணையருக்கோ போக வேண்டும்.

வாசகர் வட்டத்தைத் தனிச் சங்கமாகப் பதிவு செய்து அதன் பெயரில் உரிமம் வாங்கி அரசு நூலகக் கணினியில் ஏற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். உரிமம் ஓர் அமைப்புக்கு, கணினி இன்னோர் அமைப்புக்கு என்றால் அது உரிம விதியை மீறுவதாகும். செய்யாதீர்கள். வாசகர் வட்டம் புரவலர்களைச் சேர்த்துக் கொடுக்கட்டும், கணினி வாங்கித் தரட்டும். அதற்கெல்லாம் துறையில் வழி இருக்கிறது.

கிடைத்த பின்பும், மறுக்கப்பட்டாலும்

உரிமம் கிடைத்ததும் ஒரு நீளப் பதிவேட்டில் மென்பொருளின் பெயர், உரிம எண்ணிக்கை, எந்தக் கணினி அல்லது எந்தப் பொறுப்பாளர், தொடங்கிய நாள், புதுப்பிக்க வேண்டிய நாள் என்று பத்தி பிரித்து எழுதுங்கள். நிர்வாகக் கணக்கு எப்போதும் இருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். ஒருவர் பதவி விலகும் கூட்டத்திலேயே கடவுச்சொல்லும் மீட்புக் கைபேசி எண்ணும் புதியவருக்கு மாற்றப்பட்டு, அந்த மாற்றமும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். நிறுவனங்கள் தகுதியை இடையிடையே மறுபடியும் சரிபார்க்கும். 12ஏ பதிவுக்கும் காலவரம்பு உண்டு. அது முடிவதற்கு முன்பே புதுப்பிக்க மனுச் செய்ய வேண்டும் என்பதால், பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே அந்தத் தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

மறுப்பு வந்தால் உடனே புதிய கணக்கில் மறுபடி விண்ணப்பிப்பது வழக்கமான அவசரம். ஒரே அமைப்புக்கு இரண்டு கணக்குகள் இருந்தால் இரண்டையும் ஐயத்தோடு பார்ப்பார்கள். மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணத்தைப் படித்து, அதே கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, கேட்ட தாளை இணைத்துப் பதில் எழுதுங்கள். பெயரோ முகவரியோ பொருந்தவில்லை என்பது காரணமானால், இரண்டும் ஒரே அமைப்புதான் என்று சங்கத்தின் கடிதத்தாளில் எழுதித் தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, நோட்டரி சான்றுடன் அனுப்புங்கள். அமைப்பின் வகை பொருந்தவில்லை என்று சொன்னால், பொது நூலகம் என்ற பிரிவில் பரிசீலிக்குமாறு கேளுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் கல்வி உரிமம் விற்கும் அங்கீகரிக்கப்பட்ட முகவர் ஒருவரிடம் அதே தாள்கட்டோடு விலைப்பட்டியல் கேட்டு வாங்குங்கள்.